பெயின்ட் படாத இடமே சாட்சி

பழைய கார் கண்காட்சிகளில் பானெட் திறந்திருக்கும் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். 1960களின் ஷெவர்லே வி8 (எட்டு சிலிண்டர் என்ஜின்) கார் என்றால் உள்ளே ஆரஞ்சு நிற என்ஜின் இருக்கும். வார்ப்பிரும்பின் சொரசொரப்பு முழுக்கத் தேய்க்கப்பட்டு, பட்டி பார்த்து, மூன்று நான்கு கோட்டிங் அடித்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும். கண்ணுக்கு அழகுதான். ஆனால் அப்படி ஒரு என்ஜின் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரத் தொழிற்சாலையிலிருந்து ஒரு நாளும் வெளியே வந்ததில்லை. அங்கிருந்து வந்ததெல்லாம் பிரைமர் இல்லாமல், ஒரே கோட்டிங்கில், அவசரமாக அடித்த பெயின்ட். சில இடத்தில் வழிந்திருக்கும், சில இடத்தில் பட்டே இருக்காது.

அந்த அவசரத்தில்தான் விஷயம் இருக்கிறது. பெயின்ட் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று பார்த்தால், எந்தப் பாகம் எந்த வரிசையில் பூட்டப்பட்டது என்று தெரிந்துவிடும். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கன்வேயர் வரிசையில் சில நிமிடங்களில் நடந்த வேலையின் பதிவு அது. பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் பலர் நிறத்தைத் துல்லியமாகப் பிடிக்கப் படாத பாடு படுகிறார்கள். பெயின்ட் நின்ற எல்லைக்கோட்டை மட்டும் கவனிக்காமல் அழித்துவிடுகிறார்கள். எனக்கு நிறத்தைவிட அந்தக் கோடு முக்கியமாகப் படுகிறது.

என்ஜினுக்கு ஏன் பெயின்ட்?

முதல் காரணம் துரு. பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) ஹெட்டும் (அதன் மேல் பூட்டும் பாகம்) வார்ப்பிரும்பு. கழுவி ஈரத்தோடு விட்டால் மறுநாளே செம்மண் நிறத்துக்குப் போய்விடும். என்ஜின் செய்யும் இடமும் கார் செய்யும் இடமும் ஒன்றல்ல. ஃப்ளின்டில் பூட்டிய ஷெவர்லே ஸ்மால் பிளாக் என்ஜின், மிசோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் வரை போய்த்தான் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்குள் இறங்க வேண்டும். அந்தப் பயணத்திலும், கிடங்கில் கிடக்கும் நாட்களிலும் துருப்பிடிக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் கணக்கு. அரை நூற்றாண்டு கழித்து ஒருவர் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

இரண்டாவது காரணம் அடையாளம். ஒரே வரிசையில் பல அளவு என்ஜின்கள் வரும்போது, எது எந்தக் காருக்கு என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். ஃபோர்டு இதை நன்றாகப் பயன்படுத்தியது. 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ-க்கு ஒரு பச்சை. 1965 வரை என்ஜின் அளவுக்கும் ஆண்டுக்கும் ஏற்ப வெவ்வேறு நிறம்: 1965 மஸ்டாங்கில் 289 கன அங்குல வி8 என்றால் பிளாக் கறுப்பு, டேப்பட் கவரும் (ஹெட்டின் மேல்மூடி) ஏர் கிளீனரும் பொன்னிறம். 1966 மாடலிலிருந்து எல்லா என்ஜினுக்கும் ஒரே நீலம் என்று முடிவெடுத்தார்கள். அதனால் 1965 மஸ்டாங் ஒன்றில் முழு நீல என்ஜின் உட்கார்ந்திருந்தால், என்ஜின் மாறியிருக்க வேண்டும், அல்லது இடையில் யாரோ மறுபடி பெயின்ட் அடித்திருக்க வேண்டும். என்ஜின் எண்ணைத் தேடி எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவதற்கு முன்பே நிறம் இவ்வளவு சொல்லிவிடுகிறது.

கிரைஸ்லரில் நிறம் வலிமையையும் குறித்தது. 1966-இல் வந்த 426 ஸ்ட்ரீட் ஹெமி என்ற வலிமையான என்ஜினுக்கு ஆரஞ்சு. 1970-இல் 383 கன அங்குல என்ஜின் சாதாரணக் குடும்பக் காரில் டர்காய்ஸ் நிறத்தில் வந்தது. ரோட் ரன்னர் என்ற வேகக் காருக்குப் போன வலிமை கூடிய 383-க்கு ஆரஞ்சு. பிளாக் ஒரே குடும்பம்தான், நிறத்தில்தான் பந்தா.

இங்கிலாந்தில் பிஎம்சி நிறுவனத்தின் கதை வேறு. ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி என்று பழைய பெயர்கள் ஒரே கூரையின் கீழ் வந்த பிறகும் ஒவ்வொரு பெயரும் தன் நிறத்தை விடவில்லை. எம்ஜிஏ-வுக்கும் தொடக்கக்கால எம்ஜிபி-க்கும் என்ஜின் கரும்சிவப்பு. ஆஸ்டின் பக்கம் பச்சை. உள்ளே இருந்தது ஒரே பி-சீரீஸ் குடும்பம். நம்மூர் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி என்ஜினும் அதே குடும்பம்தான். எம்ஜிஏ 1500-இன் பானெட்டை முதல்முறை திறந்து பார்க்கும் பழைய அம்பாசடர்க்காரருக்கு அது உறவுக்கார வீடு மாதிரி இருக்கும்: முகம் தெரிந்த முகம், கட்டியிருக்கும் வேட்டி மட்டும் வேறு.

ஜாகுவாரில் இன்னும் நுட்பம். எக்ஸ்கே என்ஜினின் ஹெட் அலுமினியம். அதற்குத் துருவுக்காகப் பெயின்ட் தேவையே இல்லை. ஆனாலும் அடித்தார்கள், எந்த வகை ஹெட் என்று சொல்ல. எக்ஸ்கே140-இல் விரும்பிக் கேட்டவர்களுக்குக் கிடைத்த சி-டைப் ஹெட் சிவப்பு. 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான 3.8 லிட்டர் இ-டைப்பின் ஹெட் பொன்னிறம். ஃபெராரியிலோ பெயின்ட் காரின் பெயராகவே ஆகிவிட்டது. 1956-இன் 500 டெஸ்டா ரோஸா, அடுத்து வந்த 250 டெஸ்டா ரோஸா ஆகிய பந்தய கார்களில் கேம் கவருக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். இத்தாலிய மொழியில் டெஸ்டா ரோஸா என்றால் சிவந்த தலை. என்ஜினின் ஒரு மூடிக்கு அடித்த நிறம், உலகத்திலேயே மிக அதிக விலைபோகும் கார்களில் ஒன்றின் பெயராக நிலைத்தது.

அதே ஃபெராரியின் சாலைக் கார்களில் கேம் கவர் கறுப்பாக, யானைத் தோல் மாதிரி சுருக்கம் விழுந்து இருக்கும். அது பழசானதால் வந்த சுருக்கமல்ல, வேண்டுமென்றே வரவழைத்தது. அந்த வகைப் பெயின்டில் டங் எண்ணெய் சேர்ப்பார்கள். மேல்பரப்பு முதலில் காய்ந்து இறுகும். அடிப்பகுதி இன்னும் இளகியே இருக்கும். காய்ந்த தோல் விரிய இடமில்லாமல் சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். எவ்வளவு கனமாக அடிக்கிறோம், எவ்வளவு சூடு காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மடிப்பு பெரிதாகவோ பொடியாகவோ வரும். பழைய மடிப்பின் அளவை அப்படியே திரும்பக் கொண்டுவருவது, நிறத்தைப் பொருத்துவதைவிடப் பல மடங்கு கடினமான வேலை.

ஆரஞ்சு வரிசை

ஷெவர்லேவுக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் அதைவிட விளக்கமான பாடம் கிடையாது. 1955 மாடலில் 265 கன அங்குல ஸ்மால் பிளாக் வி8 வந்தபோது அதற்கு ஆரஞ்சு அடித்தார்கள். அதுவரை ஷெவர்லேயின் ஆறு சிலிண்டர் என்ஜின்கள் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் பார்த்துப் பழகியவை. புதிய என்ஜின் வேறு உயிர் என்று காட்ட அந்த ஆரஞ்சே போதுமானதாக இருந்தது. 283, 327, 350 என்று என்ஜின் வளர்ந்தது. நிறம் 1976 வரை நின்றது.

வேலை நடந்த விதம் இப்படி. பிளாக், ஹெட்டுகள், டைமிங் கவர், ஆயில் சம்ப் (அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி), வாட்டர் பம்ப், இன்டேக் மேனிஃபோல்ட் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் குழாய்த் தொகுதி), தகட்டு டேப்பட் கவர் எல்லாம் பூட்டி முடிந்த பிறகு, முழு என்ஜினும் கொக்கியில் தொங்கியபடி ஸ்பிரே அடிக்கும் இடத்துக்கு வரும். ஆரஞ்சு எனாமல் நேரடியாக இரும்பின் மேல் படும். ஆல்டர்னேட்டர், ஃபேன், ஏர் கிளீனர் போன்றவை அப்போது என்ஜினில் இல்லை. அவை பின்னால் வந்து சேர்பவை.

இந்த ஒரு வரிசையைப் புரிந்துகொண்டால் பாக்கி எல்லாம் தானாக விளங்கும்.

வாட்டர் பம்ப் பூட்டிய பிறகு பெயின்ட் அடித்ததால், பம்ப்பின் முகமும் அதைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளும் ஆரஞ்சு. பம்ப்பைக் கழற்றினால் அதன் நிழலில் கிடந்த பிளாக்கின் முன்பக்கம் வெறும் இரும்பு. ஆல்டர்னேட்டர் பிராக்கெட் பின்னால் வந்ததால் அது கறுப்பு. ஆனால் அதைக் கழற்றினால் அடியில் ஹெட்டில் ஆரஞ்சு இருக்க வேண்டும். பிராக்கெட்டும் ஆரஞ்சாக இருந்தால், காருக்குள் என்ஜின் இருக்கும்போதே பட்டறையில் யாரோ ஸ்பிரே கன்னைக் காட்டியிருக்கிறார்கள்.

கசிவைத் தடுக்க இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட்டின் விளிம்பு இதைவிட நல்ல சாட்சி. ஹெட்டுக்கும் டேப்பட் கவருக்கும் நடுவில் துருத்தி நிற்கும் கார்க் கேஸ்கெட்டைப் பாருங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் அந்த விளிம்பையும் சேர்த்து மூடியிருக்கும். இரண்டு பாகத்தையும் ஒரே படலம் இணைத்து நிற்கும். அந்தக் கவரை ஒரு தடவை கழற்றிவிட்டால் படலம் அறுந்துவிடும், புதிய கேஸ்கெட் தன் சொந்த நிறத்தோடு உட்காரும். சம்ப்பின் ஓரத்தில் அறுபடாத பெயின்ட் கோடு ஒன்று தொடர்ந்து ஓடினால், அந்த என்ஜினின் வயிற்றை யாரும் திறக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். ஓனர் சொல்லும் வார்த்தையைவிட இதற்கு நான் அதிக மதிப்பு தருவேன்.

அலுமினிய இன்டேக் மேனிஃபோல்ட் வந்த வலிமையான என்ஜின்களில் அந்த அலுமினியம் வெறுமையாகத் தெரிய வேண்டும். அதனால் அதை மறைத்துவிட்டு அடித்தார்கள். மறைப்பு சரியாகப் பொருந்தாத இடங்களில், ஹெட்டை ஒட்டிய ஓரத்தில் ஆரஞ்சுத் தூறல் படிந்திருக்கும். இன்று ஒருவர் அதே மேனிஃபோல்ட்டைத் தனியாகப் பாலிஷ் போட்டு, பெயின்ட் காய்ந்த பிளாக்கின் மேல் கத்தி வெட்டியதுபோல் கச்சிதமாக உட்கார வைக்கிறார். தூறல் இல்லை. வேலை சுத்தம், ஆனால் வரிசை பொய்.

சைலன்சர் பக்கம் போகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்டின் கதை தனி. அது வெறும் வார்ப்பிரும்பாகவே இருக்க வேண்டிய பாகம். ஆனால் பெயின்ட் அடிக்கும்போது அதுவும் பூட்டியிருந்த என்ஜின்களில், அதன் மேல் விளிம்பிலும் போல்ட் தலைகளிலும் ஆரஞ்சு சிதறும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கடுமையாக ஓடும்போது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சாதாரண எனாமல் அதில் பாதிச் சூட்டைக்கூடத் தாங்காது. முதல் சில மைல்களிலேயே கருகி, புகைந்து, உதிர்ந்துவிடும். அப்புறம் அந்த இரும்புக்குத் துருவின் பழுப்பு நிறம்தான் ஒரிஜினல் நிறம்.

எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பல்ல

பெரிய நிறத்தைச் சரியாகப் பிடித்தவர்கள்கூடச் சறுக்கும் இடம் கறுப்பு. ஒரே டின் கறுப்பை வாங்கி ஏர் கிளீனர், புல்லி, பிராக்கெட், ரேடியேட்டர், ஃபேன் என்று எல்லாவற்றுக்கும் அடித்துவிடுகிறார்கள். பானெட்டைத் திறந்ததுமே ஏதோ இடிக்கும், என்னவென்று சொல்லத் தெரியாது. காரணம் எளிது. இந்தப் பாகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு சப்ளையரும் தன் தொட்டியில் இருந்த கறுப்பைப் பூசினார். ஒன்று பளபளப்பு, ஒன்று பாதிப் பளபளப்பு, ஒன்று மங்கல். ஒன்று ஸ்பிரே, ஒன்று தொட்டியில் முக்கி எடுத்தது. முக்கி எடுத்த பாகத்தின் கீழ் ஓரத்தில் ஒரு சொட்டு உறைந்து நிற்கும். அதைத் தேய்த்துச் சமப்படுத்தினால் ஒரு சான்று போய்விட்டது என்று அர்த்தம். பளபளப்பை அளக்கக் கருவியே உண்டு: 60 டிகிரி கோணத்தில் ஒளியைப் பாய்ச்சி எவ்வளவு திரும்புகிறது என்று எண்ணில் சொல்லும். தீவிரமாகப் புதுப்பிக்கிறவர்கள் கண்ணை நம்பாமல் அந்த எண்ணை நம்புகிறார்கள், நல்ல பழக்கம்.

நட்டு போல்ட்டுகளுக்கும் இதே நியாயம். சிலவற்றுக்குக் கறுப்பு பாஸ்பேட், சிலவற்றுக்குத் துத்தநாக முலாம், சிலவற்றுக்குக் காட்மியம், சிலவற்றுக்கு மஞ்சள் சாயல் தரும் குரோமேட். பாஸ்பேட் என்பது பெயின்டே அல்ல. இரும்பின் மேல்பரப்பை அமிலத்தால் மாற்றி, எண்ணெயைப் பிடித்து வைக்கும் படலம். அதன் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தால் பொருள் மாறிவிடுகிறது.

பரிசோதகர்கள் போட்ட குறிகளும் உண்டு. இந்த போல்ட்டை முறுக்கியாகிவிட்டது, இந்தப் பாகம் இன்ன காருக்கு என்று சொல்ல ஒரு பெயின்ட் பொட்டு, ஒரு கிரேயான் கோடு, ஒரு மை முத்திரை. எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன. காஸ்டிக் தொட்டியில் போட்டு வேக வைத்தால் பிசுக்கோடு சேர்ந்து இவையும் ஒரே மணி நேரத்தில் காணாமல் போகும். என்ஜினைக் கழற்றும்போது என் மனம் பதறும் கட்டம் இதுதான். முதலில் போட்டோ எடுங்கள். பிறகு மண்ணெண்ணெயோ மிதமான டிகிரீஸரோ தொட்ட துணியால், கொஞ்சம் கொஞ்சமாக. பொட்டு எந்த போல்ட்டில், எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதி வையுங்கள்.

இந்த நுட்பங்களை அமெரிக்காவில் சில சங்கங்கள் பெரிய சட்டமாகவே ஆக்கிவிட்டன. 1974-இல் தொடங்கிய தேசிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கத்தில், தொழிற்சாலையை விட்டு வந்த நிலைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்குத்தான் மதிப்பெண். அவர்களுடைய உயரிய சான்றைப் பெற நூற்றுக்கு 94-க்குக் குறையக் கூடாது. தொழிற்சாலையைவிட நன்றாகச் செய்திருந்தாலும் மதிப்பெண் குறையும். இதைக் கேட்டு முதலில் சிரித்தவர்கள் உண்டு. இன்று பழைய கார்களின் விலை இருக்கும் உயரத்தில் அது சிரிப்புக்குரிய விஷயமல்ல. என்ஜின் அந்தக் காரோடு பிறந்ததா என்ற ஒரே கேள்வி விலையைத் தலைகீழாக மாற்றுகிறது.

அதனால் பொய்யும் வந்தது. ஷெவர்லே வி8-இல் வலது பக்க ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் ஒரு சிறிய தட்டையான இடம் இருக்கும். தொழிற்சாலையின் எழுத்து, தேதி, என்ஜின் வகைக் குறி எல்லாம் அங்கேதான் அடித்திருப்பார்கள். தொடக்கத்தில் டி என்ற எழுத்து இருந்தால் நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா தொழிற்சாலை. ஓவர்ஹாலில் பிளாக்கின் மேல் முகத்தைச் சீவும்போது இந்தக் குறியும் சேர்ந்து போய்விடும். பிறகு யாரோ புதிதாகக் குறி அடித்து, மேலே ஆரஞ்சைக் கனமாகப் பூசி வைப்பார்கள். அனுபவசாலிகள் எண்ணை மட்டும் படிப்பதில்லை. அந்த உலோகத்தில் தொழிற்சாலையின் வெட்டும் கருவி விட்டுச்சென்ற நேர்கோடுகள் இருக்கின்றனவா, பெயின்ட் சுற்றுப்புறத்தைவிட அங்கே மட்டும் தடிப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

நிறம் ஒரு பிராண்டின் அடையாளமாக இருந்ததன் முடிவும் இதே ஷெவர்லே என்ஜினோடு வருகிறது. ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் ஒவ்வொரு பிரிவும் நெடுங்காலம் தன் என்ஜினைத் தானே வடிவமைத்து, தன் நிறத்தில் அனுப்பியது: பாண்டியாக்குக்கு ஆண்டுக்காண்டு சாயல் மாறும் நீலம், ப்யூக்கின் நெயில்ஹெட் வி8-க்குப் பச்சை கலந்த நீலம். 1977-இல் இன்னொரு பிரிவான ஓல்ட்ஸ்மொபீலின் காரை வாங்கிய சிலர், உள்ளே இருப்பது ஷெவர்லேயின் 350 என்று கண்டுபிடித்து வழக்குக்குப் போனார்கள். ஓல்ட்ஸ்மொபீல் தன் வி8-ஐ ராக்கெட் என்று பெயர் வைத்து விளம்பரம் செய்துவந்த காலம் அது. ஏமாற்றப்பட்டோம் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருந்தது. நிறுவனம் இழப்பீடு தந்து சமாதானமாகப் போனது. அதே 1977 மாடலில்தான் ஷெவர்லே என்ஜினின் ஆரஞ்சும் போய், நிறுவனம் முழுவதற்குமான பொது நீலம் வந்தது. ஒன்று மற்றொன்றால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த என்ஜின் யாருடையது என்ற எல்லை அழிந்த ஆண்டிலேயே நிறமும் ஒன்றானது என்பது கவனிக்கத் தக்கது.

இப்போது அடிக்க வேண்டுமென்றால்

சரியான ஆரஞ்சு எது என்பதில் சண்டை ஓயவே ஓயாது. ஷெவர்லே ஆரஞ்சு என்று எழுதிய டின்கள் கடைக்குக் கடை வேறுபடுகின்றன. வெளியே தெரியும் பழைய பெயின்டை மாதிரியாக எடுத்தால் ஏமாறுவோம். சூடும் எண்ணெயும் அதைப் பழுப்பாக்கியிருக்கும். பிராக்கெட்டுக்கு அடியில், பெட்ரோல் பம்ப்பின் பின்னால் என்று வெளிச்சமும் சூடும் குறைவாகப் பட்ட இடத்தைத் தேட வேண்டும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தக் காலத்து ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் பெயின்டுகளில் ஈயம் கலந்த நிறமிகள் பரவலாக இருந்தன. உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்புவது உடம்புக்குக் கேடு. ஈரம் வைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த உடையோடு உள்ளே போகாதீர்கள்.

இன்னொரு பழக்கம் பரவியிருக்கிறது. எல்லாவற்றையும் தனித்தனியாகப் பெயின்ட் அடித்துப் பூட்டிவிட்டு, கடைசியில் சின்ன பிரஷ்ஷால் ஒரு வழிசலும் ஒரு தூறலும் வரைந்து சேர்ப்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வரைந்த வழிசல் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அது புவியீர்ப்பைக் கேட்டு வந்ததல்ல, கையைக் கேட்டு வந்தது. வரிசையைப் பின்பற்றினால் வரைய வேண்டிய தேவையே வராது. வார்ப்பின் சொரசொரப்பைத் தேய்க்காமல் விடுங்கள். எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். தொழிற்சாலையில் பூட்டியிருந்த பாகங்களை மட்டும் பூட்டுங்கள். என்ஜினைச் செயினில் தொங்கவிட்டு, சுற்றி வந்து ஒரே கோட்டிங் அடியுங்கள். கன் எட்டாத இடத்தை எட்டாமலே விட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு ஆல்டர்னேட்டர், ஃபேன் எல்லாம் ஏறட்டும்.

அப்புறம் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்டின் மேல் விழுந்த ஆரஞ்சு புகையத் தொடங்கும். நாற்றம் மூக்கைத் துளைக்கும், பானெட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை சுருள் சுருளாக எழும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்; ஆனால் என்ஜினை நிறுத்த ஓடாதீர்கள். 1965-இல் புதிய கார் எடுத்துக்கொண்டு ஷோரூமிலிருந்து வீட்டுக்குப் போனவரும் இதே நாற்றத்தைத்தான் முகர்ந்திருப்பார்.